கஸ்பார் வீட்டு ஜப்பான் படங்கள்

பால் திரிந்து போய்விட்டது என்று சொல்லிவிட்டு கஸ்பார் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். முக்குக் கடையில் இல்லாவிட்டால் மார்க்கெட் வரைக்கும் போகணும், நீங்க அதுக்குள்ள பாத்துக்கிட்டு இருங்க டாக்டர், என்று மேசைமேல் மூன்று ஆல்பங்களை எடுத்து வைத்து, பக்கத்தில் மக்ரூன் தட்டை வைத்து, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போனார். நல்லதாகப் போயிற்று. அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் நான் படத்தைப் பார்க்கிறேனா அவரைப் பார்க்கிறேனா என்று எனக்கே குழம்பியிருக்கும். ஒருவர் வாயைச் சோதிக்கும்போது அவர் கண்ணைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தயங்கும். இது கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததில்லை, தூத்துக்குடியில் இத்தனை வருஷம் பல் பிடுங்கி நானே தெரிந்துகொண்டது. இன்றைக்கு நான் வந்திருப்பதும் ஒரு சோதனைக்குத்தான். மாதா கோயிலில் பூசை முடிந்து அதே சேலையோடு நேரே வந்துவிட்டேன். அண்ணன் மனைவி, என் மதினி, கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அண்ணன் ரெமிஜியுஸ் காரில் கொண்டு விடுகிறேன் என்றான், அதுவும் வேண்டாம் என்றேன். நாற்பத்தாறு வயதில் ஒரு ஆம்பளை வீட்டுக்குப் பகல் வேளையில் படம் பார்க்கப் போவதற்கு எனக்குத் துணை எதற்கு. மதினிதான் இதையெல்லாம் கிளப்பியது. போன வாரம் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள், எமி, நான் சொல்லுதேன்னு கோவப்படாத, ஆளு நல்ல ஆளுதான், ஆனா வீடு நெறைய ஜப்பான் பொம்பளைங்க படமாம், எல்லாம் ஆட்டக்காரிங்களாம், அவர் வீட்ல வேலை செய்யுத பிள்ளை சொல்லுச்சு, வயசு அம்பத்தஞ்சாச்சு, கல்யாணமும் பண்ணல, எனக்கு என்னமோ போல இருக்கு. எனக்கும் என்னமோ போல இருந்தது. மதினியிடம் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் கிளினிக்கிலிருந்து கஸ்பாருக்கு நானே போன் போட்டேன். உங்க வீட்ல இருக்கிற ஜப்பான் படத்தை எல்லாம் நான் பாக்கணும். அவர் சொன்னார், ஞாயித்துக்கிழமை வாங்க டாக்டர், எல்லாத்தையும் எடுத்து வைக்கேன். எல்லாத்தையும் என்ற அந்தச் சொல் ஒன்றுக்காகவே நான் பாதி மனசு கரைந்துவிட்டேன். ஒளிக்கிறவன் எல்லாத்தையும் என்று சொல்ல மாட்டான். அல்லது நன்றாக ஒளிக்கத் தெரிந்தவன்தான் அப்படிச் சொல்வான். இப்படித்தான் என் புத்தி, ஒன்றைச் சொல்லும், உடனே அதன் முதுகிலும் தட்டிப் பார்க்கும், சொத்தையா இல்லையா என்று.

தட்டிப் பார்க்காமல் எப்படி இருப்பது. அவர் என்னைக் கேட்ட விதமே அப்படி. கடைவாய்ப் பல் உடைந்து வந்தார், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் யாரோடும் அதிகம் பழகாதவர், கோயிலில் பின்வரிசையில் நிற்பவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மூன்றாவது முறை வந்தபோது பல்லுக்கு உறை போட்டு முடித்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், நாற்காலியில் படுத்தபடியே கேட்கிறார், டாக்டர், பல் வேலை முடிஞ்சிட்டா? முடிஞ்சிட்டு. அப்ப இனி நான் உங்க பேசண்டு இல்லல்லா? ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டணும். அது இருக்கட்டும், இப்ப இல்லல்லா? இல்ல. அப்ப ஒண்ணு கேக்கேன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிடுதீங்களா? நான் குழாயைத் திறந்து கை கழுவினேன், கழுவின கையையே திரும்பவும் கழுவினேன். யோசிச்சுச் சொல்லுதேன் என்றேன். சரி என்று எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வாசலில் செருப்புப் போடும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், எனக்கு நானே பொய் சொல்லும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. ஆனால் பிடிப்பது வேறு, இன்னொரு முறை ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது வேறு. என் முதல் கல்யாணம் செல்லாது என்று திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்து வருஷங்கள் ஆகின்றன. செல்லாது என்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தம், அப்படித்தான் அந்த ஃபாதர் விளக்கினார். நடக்காத ஒன்று எப்படி இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அவரிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

முதல் ஆல்பம் கனமாக இருக்கிறது. கறுப்புத் தாள், ஓரத்தில் சின்ன முக்கோணம் ஒட்டி ஒவ்வொரு கார்டையும் செருகியிருக்கிறார், பசை தடவவில்லை. நான் என்ன எதிர்பார்த்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். தோள் விலகிய சேலை மாதிரி ஏதோ ஒன்று, மதினியின் குரலில் இருந்த ஏதோ ஒன்று. இதில் அப்படி எதுவும் இல்லை. கழுத்திலிருந்து கால்வரை அடுக்கடுக்காகத் துணி, பின்னால் பெரிய முடிச்சு, எண்ணெய் மினுங்கும் கொண்டை, வெள்ளை பூசின முகம். எல்லாம் பழைய அஞ்சலட்டைகள், நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பனி கொட்டுகிறது, பனி என்றால் காகிதத்தைக் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஒரு துண்டு அவள் குடையின் மடிப்பில் சிக்கிக் காகிதமாகவே தெரிகிறது. ஒருத்தி முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால். ஒருத்தி மூன்று தந்தி வாத்தியம் ஒன்றை மடியில் வைத்து. கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்துக்கு யாரோ பிறகு கையால் வண்ணம் தொட்டிருக்கிறார்கள், துணிக்கு இளஞ்சிவப்பு, பூவுக்கு மஞ்சள், உதட்டுக்கு மட்டும் சிவப்பு. அவசரத்தில் தொட்ட சிவப்பு ஒருத்திக்கு உதட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, குழந்தை பழச்சாறு குடித்த மாதிரி. சில கார்டுகளில் படத்தைச் சுற்றியே பேனாவால் ஏதோ வெளிநாட்டுக் கையெழுத்து. அந்தக் காலத்தில் பின்பக்கம் முகவரி மட்டும்தான் எழுத விடுவார்களாம், சொல்ல வேண்டியதை முன்பக்கம் அவளுடைய பாவாடை ஓரத்தில்தான் எழுத வேண்டுமாம், இது கஸ்பார் வாசலில் செருப்பைத் தேடும்போது சொன்னது. எவனோ ஒரு கப்பல்காரன், எவளோ ஒருத்தியின் கால்மாட்டில், நான் நலம் என்று எழுதியிருப்பான். கெய்ஷா என்றால் மதினி நினைக்கிற மாதிரி இல்லை, ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், விருந்தில் நாலு பேரோடு சமர்த்தாகப் பேசத் தெரிந்தவர்கள் என்று நானும் எங்கோ வாசித்திருக்கிறேன். படத்துக்காக வேடம் போட்டு நிறுத்தின பெண்களும் இதில் இருப்பார்கள். யார் எது என்று கார்டில் தெரியாது. ஆனால் ஒன்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன், ஒருத்தியும் பல்லைக் காட்டவில்லை. அத்தனை உதடும் மூடியே இருக்கிறது. வெள்ளை பூசின முகத்தில் எவ்வளவு நல்ல பல்லும் மஞ்சளாகத்தான் தெரியும், அதற்காக மூடியிருக்கலாம். அல்லது வாயை மூடிச் சிரி என்று எவனாவது சொல்லியிருக்கலாம்.

வாயை மூடிச் சிரிம்மா. பீச் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு ஸ்டுடியோவில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள், பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது. எனக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். சிரித்தால் முதலில் அதுதான் வெளியே வரும், வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் ஓடிவரும் நாய்க்குட்டி மாதிரி. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் நான் வாயைத் திறந்ததில்லை. கல்லூரிப் படத்தில், பட்டமளிப்புப் படத்தில், பெண் பார்க்க அனுப்பின படத்தில். நான் முதலில் கட்டின மெல்வின் மஸ்கட்டில் இருந்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னான், கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் வந்தான், அந்த வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள், விருந்து, வெட்கம், நான் எங்கே சிரித்தேன். திரும்பிப் போனதும் படம் கேட்க ஆரம்பித்தான். நீலச் சேலையில ஒண்ணு அனுப்பு. தலையை விரிச்சு விட்டு ஒண்ணு அனுப்பு. ஜன்னல் பக்கம் நின்னு எடு, வெளிச்சம் கன்னத்துல விழணும். எல்லாம் அனுப்பினேன், புதுசாகக் கல்யாணமானவள், பிரியம் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வான். அடுத்த லீவில் அவனைக் கூட்டிவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனோம். தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி கட்டின கயிறு ஒன்று சக்கரத்தில் சிக்கி அவன் தடுமாறினான், நான் சிரித்துவிட்டேன், வாய் விட்டு, கூட்டத்துக்கு நடுவில். அவன் கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தான். போட்டோல நீ வேற மாதிரி இருந்த. கோபமே இல்லை அந்தக் குரலில். வாங்கின சாமான் பெட்டியில் போட்டிருந்த படம் மாதிரி இல்லை என்று கடைக்காரனிடம் சொல்கிற குரல். போட்டோல நீ வேற மாதிரி இருந்த. பிறகு இரண்டு வருஷம் அதையே பல விதமாகச் சொன்னான், பல் டாக்டர்தானே, உன் பல்லை நீயே சரி பண்ணிக்க முடியாதா என்றான், அவனுடைய ஆல்பத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னான், அதில் இருப்பவளைத்தான் அவன் கட்டியிருந்தான். ஒருநாள் காலையில் எழுந்து என் சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அழவில்லை. பல்லையும் சரிசெய்யவில்லை. கம்பி கட்டி ஆயிரம் பேருக்கு நேராக்கியிருக்கிறேன், என்னுடையதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், அது என் பல்.

ஆகவே ஆல்பம் என்றால் எனக்குக் கொஞ்சம் கை கூசும், அதற்கு நியாயம் இருக்கிறது. இரண்டாவது ஆல்பத்தைத் திறந்து சில பக்கம் தாண்டின பிறகுதான் கவனித்தேன், இது வேறு விதமாக அடுக்கியிருக்கிறது. குடைக்காரிகள் ஒரு பக்கம், வாத்தியக்காரிகள் ஒரு பக்கம் என்று இல்லை. ஒரே பெண். ஒரே பெண்ணை வேறு வேறு கார்டுகளில் தேடிப் பிடித்து வரிசையாக வைத்திருக்கிறார். இதோ இவள் சின்னப் பெண்ணாகப் படகில், அடுத்து கொஞ்சம் வளர்ந்து விசிறியோடு, அடுத்து கன்னம் வற்றி, கண்ணுக்குக் கீழே வெள்ளையை மீறி ஒரு நிழலோடு. பக்கம் தாண்டினால் அடுத்தவள். ஒரு பெண்ணை ஒரு மனிதன் இத்தனை துறைமுகங்களில், இத்தனை கடைகளில் துழாவித் துழாவிச் சேர்த்திருக்கிறான். இது நல்லதா கெட்டதா. பெயர் தெரியாதவளை ஒரு ஆளாக நினைத்தானே என்று ஒரு பக்கம் நெஞ்சு இளகுகிறது. செத்துப் போனவளையும் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறானே என்று இன்னொரு பக்கம் ஆல்பத்தைத் தள்ளி வைக்கத் தோன்றுகிறது. உப்பளத்துப் பக்கத்திலிருந்து காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது, நான் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போடுகிறேன், பேசண்டுகளுக்கு நான் தடை செய்கிற முதல் பண்டம். கரைந்து போகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

சிரிக்கிறாள். ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரே ஒரு கார்டு, அதில் ஒரு பெண் வாய் விட்டுச் சிரிக்கிறாள். கண் இடுங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ படமெடுப்பவனுக்குப் பின்னால் நின்று வேடிக்கை காட்டியிருக்க வேண்டும். மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். என்னுடையது இருக்கிற அதே இடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தேன், சந்தேகமில்லை, கோரைப்பல் இடமில்லாமல் முன்னால் ஏறி நிற்கிறது. முதலில் சந்தோஷம்தான் வந்தது, முன்பின் தெரியாத ஊரில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. அந்தச் சந்தோஷம் மூச்சு விடுவதற்குள் வேறொன்று ஆகிவிட்டது. அப்படியானால் என்னை ஏன் கேட்டார். வாழ்நாள் முழுவதும் இந்தப் படத்தை வைத்திருந்த மனிதர், ஒரு முழுப் பக்கம் கொடுத்து வைத்திருந்த மனிதர், பல் உடைந்து ஒரு கிளினிக்குக்கு வருகிறார், அங்கே ஒரு டாக்டருக்கு அதே இடத்தில் அதே பல். கார்டில் இருப்பது எழுந்து வந்து பேசுகிறது என்று நினைத்திருப்பாரோ. மெல்வின் என்னிடம் என் படத்தைத் தேடினான், இவர் இவள் படத்தை என்னிடம் கண்டாரோ. இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் நான் இல்லை. காதுக்குள் திரும்பவும் அந்தக் குரல், போட்டோல நீ வேற மாதிரி இருந்த, இத்தனை வருஷம் கழித்தும் அதே ஏற்ற இறக்கத்தோடு. ஒருநாள் இவரும் அதைச் சொல்வார். இந்த மேசையில், இதே மின்விசிறிக்குக் கீழே, நான் காய்ச்சலில் கிடந்து எழுந்து வரும் ஒரு காலையில், கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சொல்வார். போய்விடலாமா. எழுந்து, கதவை வெறுமனே சாத்திவிட்டு, ஆட்டோ பிடித்து. மதினி ஒன்றும் கேட்க மாட்டாள், மீன் குழம்பு ஊற்றுவாள். கால் தரையை அழுத்தியது, எழுந்துகொள்ளவில்லை. ஓடிப் போவதற்காக நான் வரவில்லை. கேட்க வேண்டியது இருக்கிறது, கேட்க வாய் இருக்கிறது, கேட்டுவிட்டுப் போகலாம். அதுவரை பார்க்க வந்ததை முழுசாகப் பார்ப்போம்.

முழுசாகப் பார்த்தேன். அடுத்த பக்கங்களில் அதே சிரிப்புக்காரி, வாயை மூடியபடி. ஒன்றில் கடிதம் வாசிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றில் ஸ்டுடியோவில் செய்த பொய்ப் பாலத்தின் மேல். இன்னொரு கார்டில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை, கன்னத்தில் பால்சதை போகாத பிள்ளை, பெரியவர்கள் கொண்டையைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது, பன்னிரண்டு வயது இருந்தாலே அதிகம். அந்தப் பிள்ளையை எந்த வரிசையிலும் சேர்க்காமல் ஆல்பத்தின் உள்ளட்டைப் பையில் தனியாகச் செருகியிருக்கிறார், கையில் தட்டுப்பட்டு வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே வைத்தேன். அவருக்கும் அதைப் பார்க்க முடிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புக்காரியின் வரிசையில் கடைசிக் கார்டில் வயதான தோற்றம், விசிறியால் பாதி வாயை மறைத்து. அதில் ஏதோ இடித்தது. ஒருமுறை கடலில் படகு கவிழ்ந்து, பல நாள் கழித்துக் கரை ஒதுங்கியவர்களை அடையாளம் காண அரசு ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டார்கள். முகம் என்று ஒன்று இல்லை. நான் கட்டிக் கொடுத்த பல்செட்டைப் பார்த்து ஒருவரை இன்னார் என்று சொன்னேன், வெளியே காத்திருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள், அந்த நன்றியை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கிருந்த டாக்டர் ஒருவர்தான் சொன்னார், முகம் மாறும், உடம்பு ஊதும், காதின் அமைப்பைப் பாருங்க, அது அவ்வளவு சீக்கிரம் ஏமாத்தாது. சிரிப்புக்காரிக்குக் காது மடலின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. விசிறிக்காரிக்கு மடல் தனியாகத் தொங்குகிறது. தாடை எலும்பும் வேறு. இவள் அவள் இல்லை. கஸ்பார் இத்தனை வருஷம் இரண்டு பேரை ஒருத்தியாக வைத்திருக்கிறார்.

படியில் செருப்புச் சத்தம். பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, மார்க்கெட் வரைக்கும்தான் போயிருக்கிறார். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தார். பாலை உள்ளே கொண்டு வைக்கப் போனார்.

"அது இருக்கட்டும். உக்காருங்க," என்றேன்.

உட்கார்ந்தார், பால் பாக்கெட்டோடு.

"இதையெல்லாம் ஏன் சேத்தீங்க?"

"ஜப்பான்ல கோபே துறைமுகத்துல ஒரு பழைய சாமான் கடையில முதல் கார்டு வாங்கினேன்," என்றார். "இன்ஜின் ரூம்ல வாட்ச் டூட்டி முடிஞ்சு, எண்ணெய்க் கையோட வெளிய வந்திருக்கேன். அந்தப் படத்துல ஒருத்தி நிக்கா. அழகா எல்லாம் இல்ல. சலிச்சுப் போய் நிக்கா. இன்னும் எவ்வளவு நேரம்டா நிக்கணும்னு முகத்துல எழுதியிருக்கு. எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. அதுக்குப் பெறகு போற எடமெல்லாம் தேடுனேன். அவளை இன்னொரு கார்டுல பாக்கும்போது, சரி, அடுத்த வருசமும் இருந்திருக்கான்னு ஒரு நிம்மதி."

"இவங்களைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது டாக்டர். பாஷை தெரியாது, பேரு தெரியாது. எத்தனை படம் பாத்தாலும் ஒரு ஆளைத் தெரியாது. அதை மட்டும் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் சிரிப்புக்காரியின் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினேன்.

"இவளை மாதிரி எனக்கும் பல் இருக்குன்னுதான் என்னைக் கேட்டீங்களா?"

"எந்தப் பல்லு?"

உதட்டை விரலால் ஒதுக்கிக் காட்டினேன், பேசண்டுக்குக் காட்டுகிற மாதிரி. குனிந்து பார்த்தார். கார்டைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை, நடிக்கத் தெரிந்த முகமே இல்லை அது.

"உங்க பல்லை நான் எங்க டாக்டர் பாத்தேன். நீங்கதான் என் பல்லைப் பாத்தீங்க," என்றார். "நான் வந்த மூணு தடவையும் நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்க. எனக்கு லைட் கண்ணுல அடிச்சுது, கண்ணை மூடிட்டேன். கோயில்லயும் நான் பின்னால நிக்கவன்."

"அப்ப எதைப் பாத்துக் கேட்டீங்க?"

"பாக்கல. கேட்டேன். ரெண்டாவது தடவை வந்தப்போ எனக்கு வாயில மருந்து வச்சுட்டு அடுத்த அறைக்குப் போனீங்க. அங்க ஒரு மீன்காரம்மா, பல்லைப் பிடுங்க வேண்டாம், பயமாருக்குன்னு அழுதா. நீங்க ஒண்ணும் வையல. சரி, இன்னைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்க, வலிச்சா வாங்க, நான் இங்கதான் இருப்பேன்னு சொன்னீங்க. எனக்கு வாயெல்லாம் மரத்துக் கிடக்கு. இந்தக் குரல் இருக்கிற வீட்ல இருந்தா நல்லாருக்குமேன்னு தோணிச்சு."

அந்த மீன்காரம்மாவை எனக்கு ஞாபகம்கூட இல்லை. தினமும் யாராவது ஒருத்தர் அழுகிறார்கள், தினமும் அதையேதான் சொல்கிறேன். சொல்வது எனக்கே கேட்காத அளவுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், அதை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். உடனே சம்மதம் சொல்லியிருக்கலாம். ஆனால் என் புத்தி அப்போதும் விடவில்லை, இன்னும் ஒரு தட்டு தட்டிப் பார் என்றது. நல்ல வார்த்தை பேசுகிறவர்களை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். தப்பு என்று சொன்னால் என்ன செய்வார்.

"இந்த வரிசை தப்பு," என்றேன். "கடைசியில விசிறி வச்சிருக்கவ இவ இல்ல."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"காதைப் பாருங்க. தாடையையும் பாருங்க. இது ரெண்டு பேரு."

மேசை டிராயரைத் திறந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். வெளிச்சத்துக்காக ஆல்பத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கார்டையும் மற்றதையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். மெல்வின் என்றால் இதற்குள் எனக்குப் பாடம் நடத்தியிருப்பான், அண்ணன்கூட எனக்குத் தெரியாதாக்கும் என்று ஆரம்பித்திருப்பான். கஸ்பார் கண்ணாடியைக் கீழே வைத்தார். முக்கோணத்திலிருந்து விசிறிக்காரியை ஓரம் மடங்காமல் மெல்ல வெளியே எடுத்தார்.

"ஆமா, வேற ஆளுதான்," என்றார். "இத்தனை நாளா இவளை அவதான்னு நெனச்சிருக்கேன். பாவம்." பிறகு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டார், "அப்ப இவ யாரு?"

"தெரியாது."

"தெரியாதுல்லா," என்றார், ஒரு புது ஆளைச் சந்தித்த மரியாதையோடு. மூன்றாவது ஆல்பத்தில் காலியாக இருந்த ஒரு பக்கத்தைத் தேடி அவளைத் தனியாக வைத்தார்.

அவ்வளவுதான். பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டேன். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, நான்தான் அதை விட்டு எழுந்துகொண்டேன். எனக்கு என் கிளினிக் இருக்கும், என் சம்பாத்தியம் இருக்கும், இந்த வீட்டுச் சமையலறையைப் பெரிதாக்க வேண்டும், இந்த மின்விசிறி சத்தம் போடுகிறது, மாற்ற வேண்டும். இப்படியெல்லாம் யோசிக்க ஆரம்பித்தவள் பதிலை எப்போதோ சொல்லிவிட்டாள் என்றுதானே அர்த்தம். மணி பார்த்தேன். கடைசிப் பூசை முடிந்திருக்கும், ஃபாதர் மதியச் சாப்பாட்டுக்குப் போவதற்குள் பிடித்துவிடலாம்.

"சட்டையை மாத்திட்டு வாங்க," என்றேன். "ஃபாதரைப் பாத்து நம்ம கல்யாண ஓலையைப் பூசையில வாசிக்கச் சொல்லிட்டு வந்திருவோம்."

அவர் எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார். "இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து மூணு வாரம் ஊரு கேக்க வாசிக்கட்டும். உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

"இல்ல," என்று சொல்லி உள்ளே போனார். பீரோ கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம், திரும்பத் திறக்கும் சத்தம். வெள்ளைச் சட்டையில் வந்தார், ஒரு பித்தானை மாற்றிப் போட்டிருந்தார், சொன்னேன், சரிசெய்துகொண்டார்.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டு மெத்தில்டா அக்கா வாசலில் நின்று கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. இவள் கண்ணில் பட்டால் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், கஸ்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், நடை கொஞ்சம் பின்தங்கினார். நான் நின்று அவர் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தேன்.

"என்ன டாக்டர், இந்தப் பக்கம்? பல்லு கில்லு வலியா அவருக்கு?" என்று மெத்தில்டா அக்கா கேட்டாள்.

"இல்லக்கா," என்றேன், சிரித்துக்கொண்டே, வாய் நிறைய. "எங்க கல்யாணத்துக்கு ஓலை குடுக்கப் போறோம்."